அரித்தல், கடத்துதல், படியவைத்தல்

மடியில் கிடந்த தண்ணீர்ப் பாட்டில், வண்டி குலுங்கும்போதெல்லாம் பொற்கொடியின் தொடையை இடித்து, நான் இன்னும் நிறைந்திருக்கிறேன், நான் இன்னும் நிறைந்திருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே வந்தது. முக்கால் லிட்டர். காலை எட்டு மணிக்கு விடுதி வாசலில் வண்டியேறும்போது வழிகாட்டி டெல்லா ஆளுக்கொன்றாகக் கொடுத்தது. கொடுக்கும்போதே தன் சட்டத்தையும் சொல்லிவிட்டாள்: மலையிடுக்கின் வாயிலில் இறங்கியதும் ஒவ்வொருவரும் குடித்து முடித்த பாட்டிலைத் திறந்து, தம் தலைக்கு மேலேயே கவிழ்த்துக் காட்ட வேண்டும், சொட்டினால் நனைவது அவரவர் தலை, நனைந்த தலைக்கு உள்ளே இடமில்லை. வண்டியிலிருந்த மற்ற மூவரும் சிரித்தார்கள். பொற்கொடியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கணக்குப் போட்டாள். எட்டரைக்குக் குடித்தால் ஒன்பதரைக்கு முட்டும். ஒன்பதே முக்காலுக்கு இறங்கி உள்ளே நுழைந்தால் வெளியே வரப் பன்னிரண்டாகிவிடும். இடுக்கினுள் ஒதுங்க இடம் கிடையாது, ஒதுங்கவும் கூடாது. அது எங்கள் பழங்குடி மக்கள் மதிக்கும் இடம் என்று டெல்லா முதலிலேயே சொல்லிவிட்டாள். ஆக இரண்டரை மணி நேரம். அறுபத்தாறு வயதில் இரண்டரை மணி நேரம். சன்னலுக்கு வெளியே அரிசோனாப் பாலைவனம், செங்கல்லைப் பொடித்துக் கொட்டினாற்போல அடிவானம்வரை கிடந்தது. மறைவுக்கென்று ஒரு மரம் உண்டா என்று அவள் கண்கள் தாமாகத் தேடின. பேருந்தில் போனாலும், கல்யாண மண்டபத்துக்குப் போனாலும், மகன் பட்டம் வாங்கிய விழாவுக்குப் போனாலும் அவள் கண்கள் முதலில் தேடியது அதைத்தான். இங்கே புதர்கள்கூட முழங்கால் உயரத்தைத் தாண்டவில்லை. இவ்வளவு பெரிய நாட்டில், இவ்வளவு வெட்டவெளியில், ஒரு பெண் குந்துவதற்கு இடமில்லையே என்று நினைத்தபோது அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஆனால் மூடியைத் திறக்கக் கை வரவில்லை.

கை எப்படி வரும், முப்பத்தொரு ஆண்டுகளாகப் பழக்கிய கை. காலையில் ஒரு தம்ளர் காப்பி, அதுவும் ஆறரைக்குள். அதன்பின் மாலை ஐந்தரைக்கு வீட்டுக் கதவைத் திறக்கும்வரை தொண்டை என்பது பாடம் சொல்வதற்கு மட்டுமே. கமுதிப் பக்கத்துக் கரிசல் ஊரொன்றில், ஒன்பதாம் வகுப்புக்குப் புவியியல். பள்ளியில் முதல் பதினெட்டு ஆண்டுகள் கழிப்பறையே கிடையாது. ஆண் ஆசிரியர்கள் சுற்றுச்சுவரை நம்பியிருந்தார்கள். ஆசிரியைகள் ஐவரும் தத்தம் மன உறுதியை நம்பியிருந்தார்கள். பிறகு ஒருநாள் கட்டினார்கள், நீல நிறத் தகரக் கதவு போட்டு, திறப்புவிழாவுக்கு வாழைமரமெல்லாம் நட்டு. மறுநாளே பூட்டும் போட்டுவிட்டார்கள், பிள்ளைகள் அசிங்கப்படுத்திவிடுவார்கள் என்று. சாவி தலைமையாசிரியர் மேசைமேல். தொலைந்துவிடக் கூடாதென்று அதை ஒரு மரப்பலகை டஸ்டரோடு சிவப்பு நூலால் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். அதைக் கேட்டு வாங்கிக் கையில் பிடித்துக்கொண்டு ஐந்து வகுப்பறைகளின் சன்னல்களைக் கடந்து நடக்க வேண்டும். ஐந்து வகுப்புப் பையன்களும் பார்ப்பார்கள். டீச்சர் எங்கே போகிறார் என்பதை அந்த டஸ்டர் தண்டோரா போட்டுவிடும். யார் கேட்பார்கள் அந்தச் சாவியை? பதின்மூன்று ஆண்டுகள் அது மேசையிலேயே கிடந்தது. பொற்கொடி பணி ஓய்வு பெற்ற நாளன்று சந்தனமாலை போட்டுச் சால்வை போர்த்தி அவளைத் தலைமையாசிரியர் அறையில் உட்காரவைத்தபோது, அந்த டஸ்டர் அவள் கண்ணெதிரே இருந்தது; அதன் சிவப்பு நூல் அழுக்குக்கூடப் படாமல் இருந்தது. ஆறு முறை நீர்க்கடுப்பு வந்திருக்கிறது. கமுதி மருத்துவரம்மா ஒவ்வொரு முறையும், "டீச்சர், நீங்க படிச்சவங்கதானே, தண்ணி குடிங்க டீச்சர்" என்றுதான் சொன்னார். படித்தவள்தான். நீரின் மூன்று வேலைகள் எவை என்று நடு இரவில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள்: அரித்தல், கடத்துதல், படியவைத்தல். குடித்தல் அந்தப் பட்டியலில் இல்லை.

"அத்தை, தண்ணி குடிச்சீங்களா?" பக்கத்து இருக்கையிலிருந்து மருமகள் வினோதினி கேட்டாள். "குடிச்சுக்கிட்டே இருக்கேம்மா." பொய். மகன் வீட்டுக்கு வந்த இந்த இரண்டு மாதமாக இந்தப் பெண் ஒரு நாளைக்கு ஏழு முறை, சாப்பிட்டீங்களா, தூங்கினீங்களா, குளிருதுங்களா என்று கேட்கிறாள். பொற்கொடியும் ஏழு முறையும் ஆமாம்மா, ஆமாம்மா என்கிறாள். கோயம்புத்தூர்ப் பெண், ஒரு சொல் கூடக் குரலுயர்த்திப் பேசியதில்லை. அதனாலேயே உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. வீட்டில் மகன் எழிலன் நடுவில் இருப்பான், இருவர் பேச்சும் அவன் வழியாகவே போய்வரும். இன்று அவனும் வருவதாகத்தான் ஏற்பாடு. அம்மா முப்பது வருஷம் கரும்பலகையில் வரைந்த இடத்தை அம்மாவுக்குக் காட்டணும் என்று சீட்டு எடுத்ததே அவன். காலையில் அலுவலகத்திலிருந்து ஏதோ அழைப்பு; விடுதி அறையிலேயே மடிக்கணினியோடு உட்கார்ந்துவிட்டான். ஆகவே மாமியாரும் மருமகளும், நடுவில் இரண்டு பாட்டில்களும். முன்னிருக்கையில் கனடாவிலிருந்து வந்த முதிய தம்பதி, ஹாரல்டும் மார்ஜரியும். ஹாரல்டுக்கு எழுபத்தைந்து வயது. பாட்டிலை எடுத்து மடக் மடக்கென்று குடித்தார். அரைமணி நேரத்தில், "டெல்லா, நிறுத்து, என் மூத்திரப்பை கூப்பிடுகிறது" என்று ஊருக்கே கேட்கும்படி சொன்னார். டெல்லா நிறுத்தினாள். அவர் இறங்கிப் பத்தடி நடந்து, அடிவானத்தைப் பார்த்து நின்று, சீட்டியடித்துக்கொண்டே திரும்பி வந்தார். அவ்வளவுதான். அவ்வளவுதானா? பொற்கொடிக்கு அந்த மனிதர்மீது பொறாமை பொங்கியது. திரும்பி வந்தவர் தன் பாட்டிலை எடுத்துப் பார்த்து, "அட, இது குறையவே இல்லையே!" என்றார். "உனக்குக் குடிக்கத் தெரியாது, பேசத்தான் தெரியும்" என்றாள் மார்ஜரி. அவர் மறுபடி குடித்தார், இருபது நிமிடத்தில் மறுபடி இறங்கினார், மறுபடி பாட்டில் குறையவில்லை என்றார். டெல்லாவின் ஆங்கிலமும் அவர்கள் ஆங்கிலமும் நிதானமாக வந்ததால் பொற்கொடிக்கு முக்கால் பங்கு புரிந்தது. மீதியை வினோதினி காதருகே சொன்னாள். சொல்லும்போது ஏனோ அந்தப் பெண் முகம் சிவந்திருந்தது. வெயிலாக இருக்கும்.

வண்டி நின்றது. மற்றவர்கள் தொப்பி மாட்டிக்கொண்டிருந்த அந்த ஒரு நிமிடத்தில் பொற்கொடி பின்பக்கமாக இறங்கி, பின்சக்கரத்துக்கு அருகே, பயணத்துக்கென்று போட்டிருந்த சுடிதாரின் துப்பட்டாவை ஒதுக்கிக்கொண்டு குனிந்து, ஷூவின் கயிற்றைச் சரிசெய்கிறவள்போல, முக்கால் லிட்டரையும் மண்ணில் கவிழ்த்தாள். மணல் ஒரே மூச்சில் உறிஞ்சியது. ஒரு கரும்பழுப்புத் திட்டு, அவ்வளவே. தேர்வறையில் ஒரு பையன் தொடையில் விடை எழுதிவந்ததைப் பிடித்து அவனை அரைமணி நேரம் வெளியே நிறுத்தியது நினைவுக்கு வந்தது. அவன் பெயர் கூட, கூட, ஏதோ கருப்பசாமி. அந்தக் கருப்பசாமி இப்போது தன்னைப் பார்த்தால் என்ன சொல்வான்? ஆனாலும் ஓர் அற்பமான மகிழ்ச்சி. வரிசையில் நின்றாள். மார்ஜரி கவிழ்த்தாள், வினோதினி கவிழ்த்தாள், ஹாரல்டு கவிழ்த்தபோது மட்டும் ஒரு கை நீர் வழுக்கைத் தலையில் கொட்ட, "சத்தியமாக இரண்டு பாட்டில் குடித்தேன்!" என்று அவர் அலறினார், டெல்லா வயிறு குலுங்கச் சிரித்து, உம்முடைய தலை கணக்கில் வராது போம் என்று விட்டுவிட்டாள். பொற்கொடியின் தலையில் ஒரு சொட்டும் விழவில்லை. கைதட்டினார்கள். அதற்குள் டெல்லா என்ன நினைத்தாளோ, பின்சக்கரத்தருகே போய், வண்டிக்கடியில் படுத்து, விரலால் எதையோ தொட்டு முகர்ந்து பார்த்து, உதட்டைப் பிதுக்கிக்கொண்டு எழுந்து வந்தாள். பொற்கொடி வானத்தைப் பார்த்தாள். வானம் மிக நன்றாக இருந்தது.

உள்ளே ஐம்பதடி வைத்ததும் எல்லாம் மறந்துபோயிற்று. இரண்டு பக்கமும் பாறை. ஆனால் அதைப் பாறை என்று சொல்ல நா எழவில்லை. யாரோ ஈரப் புடவையைப் பிழிந்து உதறாமல் அப்படியே நிறுத்திவைத்தாற்போல மடிப்பு மடிப்பாக, செம்மண் நிறம், அதற்குள் கத்தரிப்பூ நிறம், மேலே போகப்போக மாம்பழச் சதையின் நிறம். வழி சில இடங்களில் ஒரு முழ அகலமே; ஒருக்களித்து நடக்க வேண்டியிருந்தது. அவள் உள்ளங்கையை வைத்தாள். சுவர் குளிர்ந்திருந்தது, நெருநெருவென்று, தேய்ந்த அம்மியைப்போல. "இதைச் செய்தது தண்ணீர்" என்றாள் டெல்லா. "இங்கே பெய்யும் மழை இல்லை. முப்பது மைல் அப்பால் பெய்யும், இங்கே வெயிலடித்துக்கொண்டிருக்கும், திடீரென்று வரும். என் அம்மா ஆடு மேய்க்கும்போது, ஆடுகள் முதலில் காதைத் தூக்கும், அப்புறந்தான் நமக்குச் சத்தம் கேட்கும் என்பாள். பயப்படாதீர்கள், இன்றைக்கு எங்கும் மேகமில்லை, காலையிலேயே பார்த்துவிட்டேன்." அரித்தல். பொற்கொடி கரும்பலகையில் இதை எப்படி வரைந்தாள்? இரண்டு சாய்கோடுகள், நடுவில் ஒரு நீலக்கோடு. பழுப்புச் சாக்கட்டி கிடைக்காது; பள்ளி மதிலிலிருந்து ஓர் உடைந்த செங்கல் துண்டை எடுத்து அதனால் தீற்றுவாள். அந்தத் தீற்றல்தான் இது. நிறம் அதேதான், பார், அப்படியே அந்தச் செங்கல் நிறந்தான். முப்பத்தொரு ஆண்டும் சரியாகத்தான் வரைந்திருக்கிறாள். தொண்டையில் ஏதோ அடைத்தது. உவகை என்று முதலில் நினைத்தாள். விழுங்கப் பார்த்தபோது விழுங்குவதற்கு எச்சில் இல்லை. நாக்கு, மேலண்ணத்தில், காய்ந்த இலைபோல ஒட்டிக்கொண்டிருந்தது. பரவாயில்லை, பழக்கந்தான், ஏழாவது பாடவேளை இப்படித்தான் இருக்கும். ஓர் இரும்பு ஏணி வந்தது. ஏறினாள். இரண்டாவது ஏணி. நான்காம் படியில் சுவரின் மடிப்புகள் மெல்ல அசைந்தன, புடவையை யாரோ உதறப் பார்க்கிறார்கள். காதுக்குள் ஓர் இரைச்சல், தூரத்தில் தண்ணீர் வருவதுபோல. வருகிறது, முப்பது மைல் அப்பாலிருந்து வருகிறது, ஆடுகள் எங்கே, ஆடுகள் காதைத் தூக்கினவா... "அத்தை!" வினோதினியின் கை முதுகைத் தாங்கியது. சின்னக் கைதான், தாங்கிற்று.

இறக்கி மணலில் உட்காரவைத்தார்கள். டெல்லா முன்னால் மண்டியிட்டு, பொற்கொடியின் புறங்கைத் தோலை இரண்டு விரலால் கிள்ளித் தூக்கிவிட்டாள். தோல் கூடாரம்போல நின்றது; இறங்குவேனா என்று யோசித்தது; மெதுவாக இறங்கியது. டெல்லா, நீர் வற்றிய உடம்பின் அந்த அடையாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அம்மா, நீ பாட்டிலைத் தலையில் கவிழ்த்தாய். நான் பார்த்தேன். என் வண்டி ஒழுகுகிறதென்று நான் அதன் அடியில் படுத்துப் பார்த்தேன். என் வண்டி ஒழுகவில்லை, இல்லையா?" என்றாள். கருப்பசாமி அரைமணி நேரம் வெயிலில் நின்றபோது இப்படித்தான் இருந்திருக்கும். பொற்கொடி தலையைக் குனிந்துகொண்டு, "ஒழுகலை" என்று தமிழிலேயே சொன்னாள். அது டெல்லாவுக்கு மொழிபெயர்ப்பின்றியே புரிந்தது. "இரண்டே வழி. இன்னும் ஒரு வளைவுதான் கடைசிக் கூடம். பதினொன்று நாற்பதுக்கு அங்கே வெளிச்சம் இறங்கும், பத்து நிமிடம் இருக்கும், போய்விடும். இந்தப் பாட்டிலை என் கண்ணெதிரே குடித்தால் என்னோடு வரலாம். குடிக்காவிட்டால் இப்போதே உன்னை வண்டிக்குக் கூட்டிப்போய் நிழலில் உட்காரவைப்பேன். எனக்குக் கோபமில்லை. ஆனால் என் இடத்தில் யாரும் விழக் கூடாது." தன் முதுகுப்பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து நீட்டினாள். பொற்கொடி அதைப் பார்த்தாள். குடித்தால் கட்டாயம் வரும், அரைமணியோ முக்கால் மணியோ, திரும்பி நடக்க இருபத்தைந்து நிமிடம், ஏணி இரண்டு. வந்துவிட்டால் யாரிடம் சொல்வது? இந்த மருமகளிடமா? மாமியார் என்கிற பதவிக்கு இரண்டு மாதமாகக் கட்டிக்காத்த மரியாதையெல்லாம் ஒரு நொடியில்... குடிக்காவிட்டால் நிழல், வண்டி, உள்ளங்கையில் கொஞ்சம் மணல். மேசைமேல் டஸ்டர். அழுக்குப்படாத சிவப்பு நூல். முப்பத்தொரு ஆண்டும் பெருங்கடலும் தாண்டி வந்தும் அந்தச் சாவியைக் கேட்காமலேயே திரும்பிப் போவதா? "எதுக்குங்க அத்தை ஊத்துனீங்க?" வினோதினி மெதுவாகக் கேட்டாள். "ஒதுங்க எடமில்லையேம்மா." அதைச் சொல்ல எவ்வளவு சின்ன வாக்கியம் போதுமாயிருந்தது! வினோதினியின் முகம் மீண்டும் சிவந்தது. பொற்கொடி மூடியைத் திருகினாள். முதல் மிடறு தொண்டையைச் சுட்டதுபோல இருந்தது. இரண்டாவது இனித்தது. பிறகு அவள் எண்ணவில்லை. முக்கால் பாட்டில் இறங்கியதும் டெல்லா போதுமென்று தலையசைத்தாள்.

கடைசிக் கூடம் ஒரு பூசையறையளவு சிறியது. ஐந்து பேர் நின்றால் நிறைந்துவிடும். மேலே, நூறடி உயரத்தில், ஒரு கீறல். டெல்லா வாயில் விரல் வைத்தாள். ஹாரல்டுகூடப் பேசவில்லை. கீறலிலிருந்து ஒரு கோடு இறங்கியது. முதலில் நூலளவு, பிறகு விரலளவு, பிறகு ஒரு வெண்கலத் தூண் அளவு, சாய்வாக, தரைவரை. டெல்லா ஒரு பிடி மணலை அள்ளி அதற்குள் தூவினாள். ஒவ்வொரு மணியும் பற்றிக்கொண்டு எரிந்து அணைந்தது. பொற்கொடி கையை நீட்டினாள். கையில் வெளிச்சம் விழுந்தது. கனமாயிருக்கும் என்று எதிர்பார்த்தவள்போல உள்ளங்கையைக் கிண்ணமாக்கி வைத்துக்கொண்டாள். இதை வரைய முடியாது. எந்தச் செங்கல் துண்டாலும் முடியாது. பாடப்புத்தகத்தில் இதற்குத் தலைப்பில்லை. நன்றாயிருக்கிறது என்று நினைத்தாள். அதைவிடச் சிறந்த சொல்லுக்கு மனம் போகவில்லை, போகவேண்டுமென்றும் தோன்றவில்லை. நன்றாயிருக்கிறது, மிக நன்றாயிருக்கிறது, அத்தோடு அடிவயிற்றில் ஒரு சிறு தட்டல். யாரது? நான்தான். இரு, இப்போதுதானே குடித்தேன். நான்தான், கதவைத் திற. வெளிச்சத் தூண் மெலிந்தது, நூலாயிற்று, போயிற்று. தட்டல் இடியாயிற்று.

திரும்பும் வழியில் அவள் எதையும் பார்க்கவில்லை. மாம்பழ நிறமும் கத்தரிப்பூ நிறமும் இருபுறமும் ஓடின. ஏணியில் இறங்கும்போது பல்லைக் கடித்தாள். எங்கோ சுவரிலிருந்து நீர் சொட்டும் ஒலி வந்தது, அதைக் கேட்கக் கூடாதென்று மனத்துக்குள் ஆற்றுப் பெயர்களைச் சொன்னாள், அது இன்னும் கேடாயிற்று, மலைகளுக்கு மாறினாள். ஆனைமலை, பழனிமலை, சேர்வராயன், கல்வராயன். வெளியே வந்ததும் வெயில் அறைந்தது. டெல்லா அவள் நடையைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல், வண்டிக்கு அப்பால், யானை படுத்தாற்போல் கிடந்த ஒரு பாறையைக் கைகாட்டினாள். தன் வைக்கோல் தொப்பியைக் கழற்றி நீட்டி, "பாறைமேல் இதை வை. தொப்பி இருக்கும்வரை யாரும் வரமாட்டார்கள். ஹாரல்டு, நீர் என்னோடு நிற்கிறீர்" என்றாள். தொப்பி. பூட்டில்லை, டஸ்டரில்லை, யாரையும் கேட்க வேண்டியதில்லை. பொற்கொடி அதை வாங்கித் தலையிலேயே வைத்துக்கொண்டு, எல்லார் கண்ணெதிரேயும், ஏறக்குறைய ஓடினாள். பின்னால் வினோதினியும் ஓடிவந்தாள். "அத்தை, துப்பட்டாவக் குடுங்க, நான் புடிச்சுக்கறேன்." "நீ எதுக்கும்மா..." "குடுங்கத்தை, நேரமில்லைங்க." பாறைக்குப் பின்னால் அந்தப் பெண் துப்பட்டாவை இரு கையாலும் விரித்து முதுகைத் திருப்பி நின்றாள். காற்று துப்பட்டாவைப் பாய்மரம்போல உப்பியது. முப்பத்தொரு ஆண்டும் ஒன்றாகத் திறந்துகொண்டது.

"அத்தை, ஒண்ணு சொன்னாத் திட்டக் கூடாது." துப்பட்டாவுக்கு அப்பாலிருந்து குரல் வந்தது. "சொல்லு." "நானும் குடிக்கலைங்க. ஹாரல்டு தாத்தா எறங்குனப்பெல்லாம் என் தண்ணிய அவரு பாட்டில்ல ஊத்திட்டேன்." "அடிப் பாவி! அந்த மனுசன் ரெண்டு தடவை எறங்குனாரே!" "ஆமாங்க. பாவமாத்தான் இருந்துச்சு." "உனக்கென்னடி, பத்து வருசமா இந்த ஊர்ல இருக்கவ?" "தனியா வந்தா ஒண்ணுமில்லீங்க. உங்க முன்னாடி எப்படி, பாத்ரூம் போவணும்னு, மாமியாருகிட்ட..." பொற்கொடி சிரிக்கத் தொடங்கினாள். குந்தியிருந்தபடியே, தொப்பி கண்ணை மறைக்க, நிறுத்த முடியாமல் சிரித்தாள். துப்பட்டாவும் அந்தப் பக்கத்தில் குலுங்கியது. சிரிப்புக்கு நடுவே கீழே பார்த்தாள். மணலில் ஒரு சிறு ஓடை புறப்பட்டிருந்தது. சரிவைக் கண்டுபிடித்து, இருபுறமும் கரையை அறுத்து, செம்மணிகளை உருட்டிக்கொண்டு ஓடி, ஒரு கூழாங்கல்லைச் சுற்றி வளைந்து, அப்பால் விசிறிபோல விரிந்து நின்றது. மூன்று வேலையும், ஒழுங்காக, வரிசை மாறாமல். "வினோதினி! இங்க வந்து பாரேன், அப்படியே பாடத்துல உள்ளபடி இருக்கு!" "அய்யோ அத்தை, நான் பாக்க மாட்டேன்!"

பிறகு இடம் மாறிக்கொண்டார்கள். தொப்பி பாறைமேல் இருந்தது. பொற்கொடி வலக்கையில் துப்பட்டாவின் ஒரு முனையைப் பிடித்து, மறுமுனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, பாலைவனத்தைக் காவல் காத்தாள். தொலைவில் ஹாரல்டு டெல்லாவிடம் ஏதோ அளந்துகொண்டிருந்தார். மார்ஜரி கையசைத்தாள், இவள் இடக்கையால் பதிலுக்கு அசைக்கப் போனபோதுதான் அந்தக் கையில் பாட்டில் இன்னும் இருப்பதைக் கண்டாள். அடியில் கால்வாசி கிடந்தது. வெயிலில் பளபளத்தது. விடுதிக்கு இன்னும் ஒன்றரை மணி நேரப் பயணம். அவள் பல்லிலிருந்து துப்பட்டாவை விட்டாள், மூடியைக் கட்டைவிரலால் திருகினாள், அண்ணாந்து குடிக்கத் தொடங்கினாள். "அத்தை! துப்பட்டா எறங்குது! அத்தை!" "இரு தாயி" என்றாள் பொற்கொடி, வாயோரம் வழிய. "ரெண்டு மடக்குதான் பாக்கி."